கட்டடத்துக்குள் சர்வே எடுக்கும் முன் போனைத் தயார் செய்வது: காந்தமானி முதல் வைஃபை ஸ்கேன் வரை

கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாக எட்டுவதில்லை. மால், மருத்துவமனை, நான்கு மாடி ஜவுளிக்கடை போன்ற இடங்களில் ஒருவர் எந்த மூலையில் நிற்கிறார் என்று போன் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன்பே ஒருவர் அந்த இடம் முழுக்க நடந்து பதிவு எடுத்திருக்க வேண்டும். எங்கே காந்தப்புலம் எவ்வளவு, எந்த வைஃபை எவ்வளவு வலுவாக வருகிறது, தளத்துக்குத் தளம் காற்றழுத்தம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் அந்தப் பதிவில் சேரும். அதைத்தான் சர்வே என்கிறோம். பெரும்பாலான சர்வேக்கள் முதல் அடி எடுத்து வைப்பதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன. கையில் இருக்கும் போனை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

போன் அளவுக்கருவியாகச் செய்யப்பட்ட பொருள் அல்ல. திசைகாட்டி கொஞ்சம் தப்பினால் அது நம்மைக் கேட்காமலே திருத்திக்கொள்ளும். பேட்டரியை மிச்சம் பிடிக்க, வைஃபை ஸ்கேன் செய்யாமலே பழைய பட்டியலைப் புதியது போல நீட்டும். சாதாரணப் பயனுக்கு இவை நல்லவை, சர்வேக்கு விஷம். போன் நமக்குத் தெரியாமல் செய்யும் திருத்தங்களை நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாதவற்றைப் பதிவில் பிடித்து வைக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வேலைதான். சென்னையில் மூன்று தளமுள்ள ஒரு கடைக் கட்டடத்தை எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். எண்கள் ஊருக்கு ஊர் சற்று மாறும், முறை மாறாது.

தேவையானவை: ஒரு ஆண்ட்ராய்டு போன், காற்றழுத்தத்துக்கு மட்டும் இன்னொரு போன், 30 மீட்டர் டேப், தரையில் ஒட்ட வண்ண டேப், ஒரு பவர் பேங்க், ஒரு நோட்டு. ஐபோன் இந்த வேலைக்கு உதவாது. சுற்றியிருக்கும் வைஃபைகளின் பட்டியலையும் வலுவையும் ஆப்பிள் சாதாரண ஆப்களுக்குக் கொடுப்பதில்லை.

எந்த போன்?

விலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், சென்சார் பட்டியலைப் பாருங்கள். போனைக் கணினியில் இணைத்து ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் மென்பொருள்) வழியாக ‘டம்ப்சிஸ் சென்சார்சர்வீஸ்’ கட்டளை கொடுத்தால் முழுப் பட்டியலும் வந்துவிடும். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிடும் ஃபைபாக்ஸ் என்ற இலவச ஆப்பும் போதும். சென்சார் அளவுகளை நேரடியாகக் காட்டும், சிஎஸ்வி கோப்பாகவும் தரும். ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்தையும் சாய்வையும் அளப்பது), ஜைரோஸ்கோப் (சுழற்சியை அளப்பது, சுருக்கமாக ஜைரோ), காந்தமானி (காந்தப்புலத்தை அளப்பது), பாரோமீட்டர் (காற்றழுத்தத்தை அளப்பது) நான்கும் இருக்க வேண்டும். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் இயங்க வேண்டும். நடுத்தர விலை போன்களில் பாரோமீட்டர் பெரும்பாலும் இருக்காது. ஒரே தளம் என்றால் அது இல்லாமலும் சமாளிக்கலாம், மூன்று தளம் என்றால் முடியாது.

பட்டியலில் ஜைரோஸ்கோப் என்று இருந்தாலே நம்பிவிடக் கூடாது. மலிவு போன்கள் சிலவற்றில் அந்த சிப்பே கிடையாது. ஆக்சிலரோமீட்டரையும் காந்தமானியையும் வைத்து மென்பொருளே ஒரு போலி ஜைரோவை உருவாக்கிக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. போனை மேசைமேல் அசையாமல் வையுங்கள். ஜைரோ வரைபடத்தைத் திறந்துவைத்து, ஒரு சிறிய காந்தத்தை ஒரு சாண் தூரத்தில் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். உண்மையான ஜைரோவுக்குக் காந்தம் தெரியாது, கோடு நேராகவே போகும். கோடு துள்ளினால் அது போலி. அந்த போனைச் சர்வேக்கு எடுக்க வேண்டாம்.

மடக்கும் போன்களையும் தவிர்த்துவிடுங்கள். மூடிய நிலையில் பிடித்துவைக்க உள்ளே காந்தங்கள் இருக்கும். மடிப்பின் கோணம் மாறினால் காந்தமானியின் அளவும் மாறும்.

கழற்ற வேண்டியவை

முதலில் போன் கவர். மூடியில் காந்தம் வைத்த ஃபிளிப் கவர், கார் ஹோல்டருக்காகப் பின்புறம் ஒட்டிய இரும்புத் தகடு, விரலில் மாட்டும் உலோக வளையம் மூன்றும் காந்தமானியை நேரடியாகக் கெடுக்கும். இரும்புத் தகடுதான் இவற்றில் மோசமானது. நிலையான காந்தத்தால் வரும் பிழை ஒரே அளவில் இருக்கும், கழித்துவிடலாம். இரும்போ பூமியின் புலத்தைத் தன் பக்கம் வளைக்கும், போனைத் திருப்பத் திருப்பப் பிழையும் மாறும்.

அடுத்தது உடம்பில் இருப்பவை. போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நடக்கப் போகிறீர்கள். சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டை பெரும்பாலும் காந்தத்தால் ஒட்டுவது. போனிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் அது இருந்தால் அன்றைய காந்தப் பதிவு முழுவதும் வீண். கடை ஊழியர்களை வைத்துச் சர்வே எடுக்கும்போது அதிகம் நடக்கும் தவறு இதுதான். இயர்பட்ஸ் டப்பாவிலும் காந்தம் உண்டு, சட்டைப்பையில் வைக்காதீர்கள். இரும்புக் கைக்கடிகாரம், பெரிய பெல்ட் கொக்கி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் பையில் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். தங்க, வெள்ளி நகைகளால் பாதிப்பில்லை.

சார்ஜர் வயரும் அப்படியே. போனுக்குள் மின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். போனை மேசைமேல் வைத்து, சார்ஜ் போடாமல் ஒரு நிமிடம், போட்டு ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இரண்டு சராசரிகளும் 1 மைக்ரோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் வேறுபட்டால், சார்ஜில் போட்டபடி நடக்கவே கூடாது. பவர் பேங்க் இடைவேளைக்கு மட்டும்.

அமைப்புகள்

ஏரோப்பிளேன் மோடு போட்டு, வைஃபையையும் புளூடூத்தையும் மட்டும் திரும்ப இயக்குங்கள். அழைப்பு வந்தால் பதிவு கெடும். அதிர்வு மோட்டாரிலும் காந்தம் இருப்பதால் அதையும் அணைத்துவிடுங்கள். லொக்கேஷன் இயங்க வேண்டும், இல்லையென்றால் ஆண்ட்ராய்டு வைஃபை பட்டியலே தராது. பேட்டரி சேவர் கூடாது. சர்வே ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் அனுமதி கொடுங்கள். திரை அணையாமல் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணிக்குப் போன ஆப்புக்கு ஆக்சிலரோமீட்டர், ஜைரோ போன்ற தொடர் சென்சார்களின் அளவுகள் நின்றுவிடும். திரையின் வெளிச்சத்தையும் ஒரே அளவில் நிறுத்துங்கள், தானியங்கி வெளிச்சம் ஏறி இறங்கும்போது உள்ளே மின்னோட்டமும் ஏறி இறங்கும்.

எந்த வைஃபையிலும் இணைந்திருக்க வேண்டாம். சேமித்த நெட்வொர்க் இருந்தால் தானாக இணைவதை நிறுத்துங்கள். இணைந்திருக்கும் போன் அந்தச் சேனலுக்கு அடிக்கடி திரும்பிப் போகும், ஸ்கேன் இழுத்துக்கொண்டே போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சுவிட்ச் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கிறது. போனைப் பற்றிய பக்கத்தில் பில்டு எண்ணை 7 முறை தட்டினால் அந்தப் பகுதி திறக்கும். அங்கே ‘வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்’ என்பதை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 9-இலிருந்து, திரையில் இருக்கும் ஆப்கூட 2 நிமிடத்துக்கு 4 ஸ்கேன்தான் கேட்க முடியும். ஆண்ட்ராய்டு 10-இல்தான் இதை அணைக்கும் சுவிட்ச் வந்தது. ஆகவே ஆண்ட்ராய்டு 9 ஓடும் போனை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதைவிடப் பழைய 8 பரவாயில்லை.

போன் ஆற வேண்டும்

வெயிலில் வண்டியில் வந்து இறங்கிய போன் 40 டிகிரிக்கு மேலும் இருக்கலாம். உள்ளே ஏசி 24-இல் ஓடிக்கொண்டிருக்கும். ஜைரோ, காந்தமானி, பாரோமீட்டர் மூன்றின் பூஜ்யப் புள்ளியும் வெப்பநிலையோடு நகரும். வந்ததும் திரையை ஏற்றி, ஆப்பை ஓடவிட்டு, மேசைமேல் 20 நிமிடம் வையுங்கள். சும்மா வைத்தால் போதாது. நடக்கும்போது எந்தச் சூட்டில் இருக்குமோ அந்தச் சூட்டுக்கு வர வேண்டுமானால் போன் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

காந்தமானி: நம் ஊருக்கான முறை

உலகில் பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை மாறும். சென்னையில் அது சுமார் 41. காந்த நிலநடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கும் அதுதான் காரணம். அதனால் இங்கே புலம் ஏறக்குறையப் படுக்கையாகவே வடக்கு நோக்கி ஓடுகிறது. சென்னையில் அது தரைக்குள் சாயும் கோணம் ஏறத்தாழ 10 டிகிரிதான், கன்னியாகுமரிப் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. காந்தப்புலத்தை வைத்து உள்ளரங்க இடம் காணும் முறையை வணிகமாக வளர்த்த இன்டோர்அட்லஸ் ஃபின்லாந்தின் ஔலு நகரில் தொடங்கியது. அங்கே புலம் 75 டிகிரிக்கு மேல் சாய்ந்து தரைக்குள் குத்துகிறது. வடக்கே எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் இங்கே ஒரு அச்சு அளவுத்திருத்தம் ஆகாமலே போய்விடும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் இதை எழுதியவர்கள் மிகக் குறைவு, ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

போனைத் தட்டையாகப் பிடித்து ஒரு வட்டம் சுற்றினால், எக்ஸ், ஒய் அச்சுகள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்த்துவிடும். திரைக்குச் செங்குத்தான இசட் அச்சு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நம் ஊரில் அந்தத் திசையில் புலம் ஏறக்குறைய இல்லை. ஆகவே இசட் அச்சின் பிழை எவ்வளவு என்று போனுக்குத் தெரியவே வராது. காற்றில் எட்டு போடச் சொல்வதும் இதே காரணத்தால் பாதிதான் வேலை செய்யும், மணிக்கட்டை நன்றாகப் புரட்டாவிட்டால் இசட் அச்சு வடக்கைத் தொடாது.

இங்கே சரியான வழி ஆறு முகங்களையும் வடக்கு நோக்கிக் காட்டுவது. திறந்த மைதானத்துக்குப் போங்கள். வண்டிகள், இரும்பு வேலி, மின்கம்பம் எதுவாக இருந்தாலும் 10 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மொட்டை மாடி கூடாது, கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது, பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியும் இருக்கும். போனை நெஞ்சுயரத்தில் பிடித்து, திசை மாறாமல் நான்கு பக்கமும் ஐந்தைந்து அடி நடந்து பாருங்கள். மொத்தப் புலம் 1 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் மாறினால் தரைக்குள் ஏதோ இருக்கிறது, இடத்தை மாற்றுங்கள்.

இடம் சரியென்றால் பதிவைத் தொடங்கி, போனின் தலைப்பகுதி வடக்கைப் பார்க்கும்படி 5 விநாடி பிடியுங்கள். பிறகு அடிப்பகுதி, இடப் பக்கம், வலப் பக்கம், திரை, முதுகு என்று ஒவ்வொன்றும் 5 விநாடி வடக்கைப் பார்க்கட்டும். ஒவ்வொரு பிடியிலும் வடக்கிலிருந்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெதுவாக 20 டிகிரி ஆட்டுங்கள், உச்ச அளவு அந்த ஆட்டத்துக்குள் அகப்பட்டுவிடும். மொத்தம் ஒன்றரை நிமிட வேலை.

இப்போது கணக்கு. ஒவ்வொரு அச்சுக்கும் உச்சம், தாழ்வு இரண்டையும் எடுங்கள். கூட்டிப் பாதியாக்கினால் நிலையான பிழை. கழித்துப் பாதியாக்கினால் ஆரம், அதாவது அந்த அச்சு அளந்த புலத்தின் வலு. எடுத்துக்காட்டாக, எக்ஸ் அச்சு 52, −30 என்று வந்தால் பிழை 11, ஆரம் 41. ஒய் அச்சு 23, −58 என்றால் பிழை −17.5, ஆரம் 40.5. இசட் 71.5, −9.5 என்றால் பிழை 31, ஆரம் 40.5. பிழைகள் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் காந்தமே அவ்வளவு காட்டும், கழித்துவிட்டால் போதும். பார்க்க வேண்டியது ஆரங்களை. மூன்றும் 41-ஐ ஒட்டி, ஒன்றோடொன்று 5 சதவீதத்துக்குள் இருந்தால் போன் நல்ல நிலையில் இருக்கிறது. ஓர் அச்சில் மட்டும் 36, இன்னொன்றில் 45 என்று வந்தால் எங்கோ இரும்பு புலத்தை வளைக்கிறது. கவரைக் கழற்றினீர்களா என்று பாருங்கள், கழற்றியும் அப்படியே இருந்தால் போனை மாற்றுங்கள்.

இந்தக் கணக்குக்கு ‘அன்காலிப்ரேட்டட்’ காந்தப்புலம் என்ற தனி சென்சாரைத்தான் பதிவு செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு 4.3 முதல் அது உண்டு. ஒவ்வொரு பதிவிலும் ஆறு எண்கள் தரும்: மூன்று கச்சா அளவு, மூன்று போன் அந்த நேரத்தில் கணித்துவைத்திருக்கும் பிழை. சாதாரணக் காந்த சென்சார் கழித்து முடித்த அளவை மட்டும் தரும். நடந்துகொண்டிருக்கும்போது போன் தன் கணிப்பை மாற்றிக்கொண்டால், வரைபடத்தில் ஒரே நொடியில் 5, 10 மைக்ரோடெஸ்லா படி விழும். பின்னர் பார்ப்பவர் அங்கே இரும்புத் தூண் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். கச்சா அளவு கையில் இருந்தால் எந்த நாளிலும் சரிசெய்துகொள்ளலாம். போன் காட்டும் துல்லிய நிலை 0 முதல் 3 வரை இருக்கும். 3 என்று வந்தால் போதும் என்பார்கள், அது போதாது. போன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் சான்று அது. ஆரம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதில் நமக்கொரு நன்மையும் உண்டு. படுக்கைப் புலம் ஔலுவைவிட இங்கே மூன்று மடங்குக்கு மேல் வலுவானது. ஆகவே திசைகாட்டி அவ்வளவு எளிதில் தடுமாறாது. செங்குத்துப் புலம் இயற்கையில் ஏறக்குறைய இல்லாததால், கட்டடத்துக்குள் செங்குத்தாக வரும் அளவில் பெரும்பகுதி தூணும் லிஃப்டும் கம்பியும் கொடுப்பது. இடத்துக்கு இடம் மாறும் அந்த அடையாளம்தான் நமக்கு வேண்டியது.

ஆக்சிலரோமீட்டர், ஜைரோ

அந்தச் செங்குத்துப் பகுதியைப் பிரிக்க எது செங்குத்து என்று தெரிய வேண்டும், அதைச் சொல்வது ஆக்சிலரோமீட்டர். அது 1 டிகிரி தப்பினால் படுக்கைப் புலம் 41-இல் 0.7 மைக்ரோடெஸ்லா செங்குத்துக்குள் கசியும். சோதிக்கும் முறை: மேசைமேல் தட்டையாக வைத்து 30 விநாடி எக்ஸ், ஒய் சராசரி எடுங்கள். அதே இடத்தில் போனை 180 டிகிரி திருப்பி மறுபடியும் எடுங்கள். இரண்டின் சராசரிதான் சென்சாரின் பிழை, மேசையின் சாய்வு தானாகக் கழிந்துவிடும். எக்ஸ் முதலில் 0.21, திருப்பியபின் 0.03 என்றால் பிழை 0.12. அது 0.7 டிகிரிச் சாய்வுக்குச் சமம், கசிவு அரை மைக்ரோடெஸ்லா. திரையை மேலாகவும் கீழாகவும் வைத்து இசட் பார்த்தால், இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் பாதி 9.78-ஐ ஒட்டி வர வேண்டும். சென்னையில் புவியீர்ப்பு 9.783, பாடப்புத்தகத்தின் 9.81 இல்லை.

ஜைரோவை அசையாமல் வைத்து ஒரு நிமிடச் சராசரி பாருங்கள். விநாடிக்கு 0.01 ரேடியன் என்பது சிறிய எண்ணாகத் தெரியும், ஒரே நிமிடத்தில் 34 டிகிரி திரும்பியதாகக் காட்டிவிடும். 0.001-க்குக் கீழே வந்தால் ஏற்கலாம். போன் அசையாமல் இருக்கும் தருணங்களில்தான் தன் ஜைரோவைத் திருத்திக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு நடையின் தொடக்கத்திலும் போனைத் தரையிலோ மேசையிலோ 10 விநாடி வைத்துவிட்டு எடுப்பது நல்ல பழக்கம். கையில் பிடித்து நிற்பது அசையாமல் இருப்பதாகாது. ஜைரோ சுழற்சியைச் சரியான விகிதத்தில் காட்டுகிறதா என்று சோதிக்க, போனை டைல்ஸ் விளிம்போடு ஒட்டி வைத்து 10 முழுச் சுற்று சுற்றி அதே விளிம்பில் நிறுத்துங்கள். கூட்டல் 3600 வர வேண்டும். 3564 வந்தால் 1 சதவீதம் குறைவு, அதாவது ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்திலும் 0.9 டிகிரி. கணக்கில் அந்த விகிதத்தைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆக்சிலரோமீட்டர், ஜைரோவுக்கு விநாடிக்கு 100 பதிவு, காந்தமானிக்கு 50 போதும். மனிதர் விநாடிக்கு 2 அடிதான் வைக்கிறார். அதிகம் கேட்டால் கோப்பு பெருத்து போன் சூடாகும், வேறு பயனில்லை.

பாரோமீட்டரும் பத்து மணியும்

30 டிகிரி வெப்பத்தில் கடல்மட்டத்தை ஒட்டி காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்தால் சுமார் 8.8 மீட்டர் ஏறியதாகப் பொருள். 3.5 மீட்டர் தளம் ஒன்றுக்கு 0.4 ஹெக்டோபாஸ்கல். நல்ல பாரோமீட்டர் இதை எளிதாகப் பிரித்துக் காட்டும். சிக்கல் சென்சாரில் இல்லை, காற்றில் இருக்கிறது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தத்துக்கு நாளுக்கு இரண்டு ஏற்ற இறக்கம் உண்டு, கடல் ஓதம் போல. காலை 10 மணி, இரவு 10 மணி அளவில் உச்சம். மாலை 4, அதிகாலை 4 அளவில் தாழ்வு. பத்து மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடித்தால், போனை மேசையிலிருந்து எடுக்காமலே சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கும். அது 26 மீட்டர், ஏழு மாடி! ஐரோப்பாவில் இந்தத் தினசரி அலை மிகச் சிறியது, அங்கே வானிலை மாறினால்தான் கவலை. இங்கே மேகமே இல்லாத நாளிலும் இது நடக்கும்.

அதனால்தான் இரண்டாவது போன். அதைத் தரைத்தளத்தில் ஒரே இடத்தில், வெயிலும் ஏசிக் காற்றும் நேரடியாகப் படாமல் வைத்து, விநாடிக்கு ஒரு பதிவு நாள் முழுக்க ஓடவிடுங்கள். சர்வே போனின் அழுத்தத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது உயரம். தொடங்கும் முன் இரண்டையும் 10 நிமிடம் அருகருகே வைத்து அவற்றுக்கு இடையே உள்ள நிலையான வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1 ஹெக்டோபாஸ்கல்கூட இருக்கலாம், அதில் தவறில்லை, மாறாமல் இருந்தால் சரி. மாலையில் மறுபடி அருகருகே வைத்துச் சரிபாருங்கள்.

நீர்புகா போன்களில் இன்னொன்று: உடல் காற்றுப்புகாமல் மூடியிருப்பதால், திரையைக் கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே அழுத்தம் ஏறி ஒரு மாடி இறங்கியதாகக் காட்டும். குறியிடத்தை (தரையில் டேப் ஒட்டிக் குறித்த இடம்) அடைந்ததாகத் திரையில் தொடும்போது மெதுவாகத் தொடுங்கள், தொட்ட பிறகு 2 விநாடிப் பதிவை அழுத்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரிய கண்ணாடிக் கதவு திறந்து மூடும்போதும் அழுத்தம் சட்டெனத் துள்ளும். 10 விநாடியின் நடு எண்ணை எடுத்தால் அது அடங்கிவிடும்.

வைஃபை ஸ்கேன் உண்மையா?

ஓரிடத்தில் 3 நிமிடம் நின்று ஸ்கேன் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு வரியும் ஓர் ஆக்சஸ் பாயிண்டுக்கு (வைஃபை அலையை அனுப்பும் கருவி) உரியது, அதை போன் கடைசியாகக் கேட்ட நேரம் அதில் இருக்கும், போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து மைக்ரோவிநாடியில். வலுவான ஓர் ஆக்சஸ் பாயிண்டுக்குத் தனித்தனி நேரங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். கட்டுப்பாடு நீங்கியிருந்தால் 3 முதல் 5 விநாடிக்கு ஒன்று, அதாவது 36 முதல் 60 வரும். எட்டோ பத்தோதான் வந்தால் த்ராட்லிங் இன்னும் ஓடுகிறது. ஆப்பின் திரையில் பட்டியல் புதுப்பிப்பது போலத் தெரிவதை நம்பக் கூடாது. பழைய பட்டியலே திரும்பத் திரும்ப வந்து, நீங்கள் 30 மீட்டர் நடந்த பிறகும் வாசலருகே இருந்த வைஃபை அதே வலுவில் பதிவாகும். இப்படிப் பதிவான தளம் முழுவதையும் மறுபடி நடக்க வேண்டியதுதான். புது ஸ்கேன் முடிவிலும் முந்தைய ஸ்கேனின் சில வரிகள் ஒட்டிக்கொண்டு வரும். ஸ்கேன் தொடங்கிய நேரத்துக்கு முந்திய வரிகளை நீக்கிவிடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் ரேடாரோடு பகிரும் சேனல்களில் போன் கேள்வி அனுப்பக் கூடாது, காதுகொடுத்துக் காத்திருக்க மட்டுமே அனுமதி. ஆக்சஸ் பாயிண்ட் தன் அறிவிப்பை வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அனுப்புவதால், அத்தகைய ஒவ்வொரு சேனலிலும் அதற்கு மேல் நிற்க வேண்டும். ஸ்கேன் 3, 4 விநாடி இழுப்பதற்கு இதுவே பெரிய காரணம். விநாடிக்கு 1 மீட்டர் நடந்தால் ஒரு ஸ்கேன் 4 மீட்டர் நீளத்துக்குப் பூசப்பட்டுவிடும். வைஃபைக்கான சுற்றில் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது குறியிடங்களில் 15 விநாடி நின்று எடுங்கள்.

நம் உடம்பும் ஒரு சுவர்தான். முதுகுப்பக்கமிருந்து வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 5 டெசிபல் அளவுக்கும் அதற்கு மேலும் குறையும். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் 2000-இல் வெளியிட்ட, ‘ரேடார்’ என்று பெயரிட்ட உள்ளரங்க இடம் காணும் முறை பற்றிய ஆய்விலேயே, 70 இடங்களில் ஒவ்வொரு இடத்திலும் நான்கு திசை நோக்கி நின்று பதிவெடுத்தார்கள். அந்தச் சிரமம் இன்றும் தேவை. குறைந்தது ஒவ்வொரு பாதையையும் போக ஒருமுறை, வர ஒருமுறை நடங்கள். போனின் ஆண்டெனா மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இருக்கும். நடுவில் பிடியுங்கள், விளிம்பைக் கை மூடக் கூடாது.

இரண்டு போன்களால் பகிர்ந்து நடப்பதாக இருந்தால் முதலில் அருகருகே வைத்து 2 நிமிடம் பதிவு எடுத்து, இரண்டிலும் வந்த ஆக்சஸ் பாயிண்ட்களின் சராசரி வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்று −60 காட்டும் இடத்தில் இன்னொன்று −67 காட்டுவது சாதாரணம். அந்த 7-ஐ எழுதி வைக்காமல் கலந்தால் வரைபடத்தின் நடுவே கோடு கிழித்தது போலத் தெரியும்.

வாடிக்கையாளர்களின் ஹாட்ஸ்பாட்கள் பட்டியலில் நிறைய வரும். ஒருநாள் இருந்து மறுநாள் மறையும் அவை அடையாளமாகப் பயன்படாது. கடையின் நெட்வொர்க் ஆட்களிடமிருந்து ஆக்சஸ் பாயிண்ட்களின் மேக் முகவரி (ஒவ்வொரு கருவியின் அடையாள எண்) பட்டியலை முன்கூட்டியே வாங்கி, அதில் இல்லாதவற்றை வடிகட்டுவதே உறுதியான வழி. தாற்காலிக முகவரிகளை இரண்டாவது எழுத்தை வைத்து வடிகட்டலாம் என்பார்கள். பெரிய நிறுவன ஆக்சஸ் பாயிண்ட்களும் அதே வகை முகவரிகளைப் பயன்படுத்துவதால் நல்லவையும் சேர்ந்து போய்விடும்.

புளூடூத் பீக்கன் (இடத்தை அடையாளம் காட்ட அலை அனுப்பிக்கொண்டிருக்கும் சிறு கருவி) இருந்தால் இரண்டு செய்திகள் போதும். ஸ்கேனை ஒருமுறை தொடங்கி ஓடவிடுங்கள். 30 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்கினால் ஆண்ட்ராய்டு எந்தப் பிழையும் காட்டாமல் முடிவுகளை நிறுத்திவிடும். அப்படியே விட்டுவிடவும் கூடாது, நீண்ட நேரம் ஓடும் ஸ்கேனை அது தானாக மந்தமாக்கிவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள்.

டைல்ஸ், டேப், ஒத்திகை

சென்சார் எல்லாம் சரியாக இருந்தும் வரைபடம் தப்பினால் உழைப்பு வீண். கட்டட வரைபடம் ஸ்கேன் செய்யும்போது நீளம் அகலம் வெவ்வேறு விகிதத்தில் சுருங்கியிருக்கும். இரண்டு தூண்களுக்கு இடையே நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று டேப் பிடித்து அளந்து ஒப்பிடுங்கள். பிறகு தரையே உங்களுக்கு அளவுகோல். இரண்டடி டைல்ஸ் என்று சொல்லப்படுவது 600 மில்லிமீட்டர், இணைப்பு இடைவெளி 2 மில்லிமீட்டர் என்றால் 10 டைல்ஸ் 6.02 மீட்டர். 10 டைல்ஸுக்கு ஒரு வண்ண டேப் ஒட்டிக் குறியிடம் ஆக்குங்கள். திருப்பங்களிலும் லிஃப்ட் வாசலிலும் படிக்கட்டின் முதல் படியிலும் கட்டாயம் ஒன்று. டேப் ஒட்ட கடைக்காரரிடம் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள். ஏழு மணிக்கு ஒட்டியதைத் துப்புரவுப் பணியாளர் எட்டு மணிக்கு உரித்துவிட்டால் மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.

எஸ்கலேட்டர், லிஃப்ட் இரண்டும் சர்வே நேரத்தில் வழக்கம்போல ஓட வேண்டும். லிஃப்ட் பெட்டி எந்தத் தளத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் வாசலருகே காந்தப்புலம் மாறும். அதன் முன்னால் உள்ள குறியிடத்தில் பெட்டி இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று எடுங்கள்.

முழு வேலையைத் தொடங்கும் முன் ஒரு ஒத்திகை. நான்கு மூலை கொண்ட ஒரு சுற்றுப்பாதையை, 40 மீட்டர் அளவில், இரண்டு முறை நடங்கள். போன் நெஞ்சுயரத்தில், தட்டையாக, தலைப்பகுதி போகும் திசையில் இருக்கட்டும். மூன்றைப் பார்க்க வேண்டும். ஜைரோ ஒவ்வொரு சுற்றுக்கும் 360-ஐ 3 டிகிரிக்குள் காட்டுகிறதா? இரண்டு சுற்றுகளின் மொத்தக் காந்தப்புல வரைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மேடுபள்ளங்கள் பொருந்துகின்றனவா? குறியிட நேரமும் வைஃபை நேரமும் ஒரே கடிகாரத்தில் இருக்கின்றனவா? மூன்றாவதைப் பலர் பார்ப்பதில்லை. சென்சார் நேரம் நானோவிநாடியிலும் வைஃபை நேரம் மைக்ரோவிநாடியிலும் வரும், இரண்டும் போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து எண்ணப்படுபவை. குறியிடத்தை ஆப் வழக்கமான மணி, நிமிட நேரத்தில் எழுதினால் இரண்டையும் இணைக்க வழியில்லாமல் போகும். சில போன்களில் சென்சாரின் கடிகாரமே வேறாக இருக்கும். தொடக்கத்தில் எல்லா நேரங்களையும் ஒரே கணத்தில் ஒரு வரியில் எழுதச் செய்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

காந்த வரைகள் பொருந்தவில்லை என்றால் முதலில் உயரத்தைப் பாருங்கள். தூணருகே போனை 20 சென்டிமீட்டர் தாழ்த்தினாலே வரை வேறாகிவிடும். உயரம் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் மைதானத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

மதிய இடைவேளையிலும் வேலை முடிந்ததும் அதே மைதானத்தில் ஆறு முகச் சோதனையை மறுபடி செய்து, பிழை எண்களைக் காலை எண்களோடு ஒப்பிடுங்கள். ஏதாவது ஓர் அச்சில் 3 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் நகர்ந்திருந்தால், வழியில் எங்கோ போன் ஒரு காந்தத்தைத் தொட்டிருக்கிறது. நோட்டில் எழுதிய நேரங்களைப் பாருங்கள்: பில்லிங் மேசையில் திருட்டுத்தடுப்பு வில்லையைக் கழற்றும் கருவி இருக்கிறதல்லவா, அதற்குள் இருப்பது வலுவான காந்தம். போனை அதன் பக்கத்தில் வைத்த நேரத்திலிருந்து கடைசிச் சோதனை வரை எடுத்த காந்தப் பதிவை விலக்கிவிட்டு, அந்தப் பகுதியை மட்டும் புதிய பிழை எண்களோடு மறுபடி நடங்கள்.